நாலாவது ஓலை

வம்சம் தேடிக் கொடுக்கிற தொழிலில் செத்தவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள்தான் உயிரை வாங்குவார்கள். பழைய ஏட்டைப் புரட்டித் தும்மித் தும்மி மூக்கு சிவந்தவர்களே, கோயில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஊர் ஊராக அலைந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. பத்திரம் எழுதுகிற இடத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்ததில், எந்தக் கோழிக் கிறுக்கலையும் வாசித்துவிடுகிற கண் எனக்கு வந்துவிட்டது. ஞானஸ்நான ஏடு, அடக்க ஏடு, பள்ளிக்கூடச் சேர்க்கை ஏடு, பட்டா, கல்லறைக் கல் என்று எதில் உங்கள் பாட்டனார் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவேன். எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். இருந்தவரை எழுதுவேன், இல்லாதவரை எழுதமாட்டேன். இந்தச் சட்டத்துக்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

பாண்டிய ராஜா வேணும்

அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பி போனில் பேசினான். எச்சிலைக் குப்பியில் துப்பி ஏதோ கம்பெனிக்கு அனுப்பினானாம். 'நீங்கள் தெற்காசியர்' என்று பதில் வந்ததாம். "இதுக்கு எதுக்குத் தம்பி எச்சில்? முகம் பாக்குற கண்ணாடி போதாதா?" என்றேன். அவனுக்குப் பூர்வீகம் கொற்கைப் பக்கம். கொற்கை பாண்டியர் துறைமுகம், ஆகவே தான் பாண்டிய வம்சம் என்று முடிவே கட்டிவிட்டான். ஒரு தாளில் நான் எழுதிக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

நானும் பஸ் ஏறிப் போய்த் தேடினேன். அவனுடைய பூட்டனார் கிடைத்தார். 'தொழில்' என்ற கட்டத்தில் 'உப்பளக் காவல்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. கொளுத்துகிற வெயிலில் கம்போடு நின்று ஏழு பிள்ளைகளை வளர்த்த மனுஷன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எந்த ராஜாவையும்விட அவரைத்தான் பிடித்தது. அப்படியே எழுதி அனுப்பினேன். தம்பி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுக் கூப்பிட்டான். "மேடம், காவல்ங்கிறத படைத்தளபதின்னு போட்டுக்கிடலாமா?"

ஆண் நாலு, பெண் மூணு

களக்காட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அதில் மூத்தவர் பாக்கியநாதன் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது எழுபத்தைந்து. ஊரில் எல்லாருக்கும் அவர் 'பெரிய சார்'. குடும்பத்து வம்ச மரத்தைப் புத்தகமாகப் போடவேண்டும், அதற்கு முன் குடும்பக் கூடுகையில் எல்லார் முன்னாலும் வாசித்துத் திருத்தவேண்டும் என்று வந்தார். அவர் கொண்டுவந்த பழைய பட்டியலில் பையன்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. பெண்களுக்குத் தொகைதான். 'ஆண் 4, பெண் 3.'

"அண்ணாச்சி, இந்த மூணு பேருக்கும் பேரு வைக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன். "அவிய பேரு கட்டிக்கொடுத்த வீட்டு மரத்துல வரும்மா" என்றார். விடுவேனா? கட்டிக்கொடுத்த வீட்டு மரங்களையும் வாங்கிப் பார்த்தேன். அங்கே 'மனைவி' என்று போட்டு நிறுத்தியிருந்தார்கள். பிறந்த வீடும் எழுதவில்லை, புகுந்த வீடும் எழுதவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஞானஸ்நான ஏட்டைப் புரட்டி மூன்று பேரையும் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பெரிய சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சரி, போட்டுக்கோ. ஆனா பொடி எழுத்துல போடு."

வாழைத்தாரோடு வந்த அக்கா

அதே மரத்தில் பெரிய சாருக்கு ஒரு சித்தப்பா உண்டு, பெயர் சாமுவேல். பெயருக்குக் கீழே 'மணமாகாதவர்' என்று சாரே தன் கையால் எழுதியிருந்தார். நானும் அதை அப்படியே டைப் அடித்துவிட்டேன். அந்தச் சேதி எப்படியோ காதில் விழுந்து, அடுத்த வாரம் என் வாசலில் ஒரு வாழைத்தாரை இறக்கிவைத்துவிட்டு, அறுபது வயதைத் தாண்டிய ஒரு அக்கா நின்றாள். பெயர் செல்லக்கனி. "மணமாகாத சாமுவேலுக்கு நான் மக" என்றாள்.

அவள் தாய் இசக்கியம்மாள். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்து மரியாள் ஆனவள். சாமுவேல் காய்ச்சலில் போனபோது செல்லக்கனி கைக்குழந்தை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே, தாலி கட்டாதவள் என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தாய் கூலி வேலை பார்த்தே வளர்த்தாள், செத்தும் போனாள். "சொத்துல பங்கு கேக்கியாக்கா?" என்று நான் கேட்டதுதான் தாமதம், அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. "சொத்தக் கொண்டு குப்பையில போடு தங்கச்சி. எங்கம்மாவ 'வச்சிருந்தவ, வச்சிருந்தவ'ன்னு சொல்லியே சாகடிச்சாவ. எங்கப்பா பேருக்குப் பக்கத்துல அவ பேரு வரணும், அம்புட்டுதான்."

மாலை மாறிப்போன கல்லறை

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். தாத்தாவுக்கு நாலு மகன் என்றால் நாலு வீட்டிலும் ஒவ்வொரு பேரன் அதே பெயரோடு நிற்பான். தேடுகிறவள் கதி அதோகதி. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் காட்டிய ஞானமுத்து கல்லறை, அவர்கள் ஞானமுத்துவுடையது இல்லை. அவருடைய பெரியப்பா மகன் ஞானமுத்துவுடையது. அவர்களோ மாலை போட்டு, ஜெபம் பண்ணி, குடும்பத்தோடு அழுது தீர்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடக்க ஏட்டைப் பிறகு பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுப் போன் போட்டு ஒத்துக்கொண்டேன். அன்று முதல் ஒரே ஒரு ஏட்டை நம்பி நான் நிற்பதில்லை. ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னொன்றைத் தேடுவேன். அந்தச் சென்னைக்காரர் மட்டும் கோபப்படவே இல்லை. "போகட்டும்மா, அவரும் நம்ம ஆளுதான? அவருக்கு அழ வேற யாரு இருக்கா?"

கறையான் தின்றதும் தின்னாததும்

செல்லக்கனி அக்காவை அழைத்துக்கொண்டு அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் போனேன். கல்யாண ஏட்டைத் திறந்தால், அந்த வருஷத்துப் பக்கங்களைக் கறையான் அரித்துத் தூளாக்கியிருந்தது. அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிக்கா, இன்னொரு புத்தகம் இருக்கு" என்றேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். அதற்குத் தனிப் புத்தகம். பீரோவின் அடித்தட்டில், கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்குக் கீழே கிடந்தது.

'சாமுவேல், மரியாள். மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை.' கீழே, ஓலையைக் கோயிலில் வாசித்த உபதேசியார் கையெழுத்து. அந்த உபதேசியார் யார் தெரியுமா? சாமுவேலின் சொந்த அண்ணன், பெரிய சாரின் அப்பா! அக்கா அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. நான் போட்டோ எடுத்துக்கொண்டு நேரே பெரிய சார் வீட்டுக்குப் போனேன்.

அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஓலை வாசிச்ச பொறவு நின்னுபோன கல்யாணம் எத்தனையோ இருக்கு. கல்யாண ஏட்டக் காட்டு." எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கறையான் ஏட்டத்தான் தின்னுச்சு அண்ணாச்சி, கல்யாணத்தத் தின்னல. அப்போ உங்களுக்குப் பன்னெண்டு வயசு. அந்தப் பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன். "மரியாள் இல்லாம இந்த மரம் என் கையால வராது. கூடுகையில வாசிக்கப்போறவ நான். அவ பேரையும் சேத்துத்தான் வாசிப்பேன். நீங்க சாப்பிடலன்னா எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சுச் சொல்லுங்க." வாசல்வரை வந்த பிறகுதான் அவர் குரல் கேட்டது. "வாசி, பாப்போம்."

கூடுகை

கோயில் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. பெரிய சார் முதல் வரிசையில், நடுவில். செல்லக்கனி அக்கா கடைசி வரிசையில், கதவோரம்; துரத்தினால் ஓட வசதியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று சிரித்தாள், ஆனால் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சார் எழுந்து ஒரு வார்த்தை 'இல்லை' என்று சொன்னால் போதும், அவள் தாய் இன்னொரு தடவை வெளியே போய்விடுவாள்.

வாசித்துக்கொண்டே வந்தேன். பொடி எழுத்துப் பெண்களை வேண்டுமென்றே உரக்க வாசித்தேன். சாமுவேல் வந்தார். "சாமுவேல், அவர் மனைவி மரியாள். இவர்கள் மகள் செல்லக்கனி. இதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் இப்பவே சொல்லலாம்" என்று சொல்லித் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மண்டபமே பெரிய சாரைப் பார்த்தது. அவர் கைத்தடியை ஊன்றினார், எழப்போகிறார் என்றே நினைத்தேன். எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "மேல வாசிம்மா" என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் செல்லக்கனி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையில் சோறு விழுந்தும் கையை வைக்கவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். "எங்கம்மாவுக்கு இது நாலாவது ஓலை தங்கச்சி. இப்பவும் ஒருத்தனும் வாயத் தொறக்கல, பாத்தியா?"

கறையானுக்காவது கடையில் மருந்து விற்கிறார்கள். மனுஷர் அரித்த பெயர்களுக்குத்தான் நம்மைப் போல ஒருத்தி எழுந்து நின்று தொண்டை கிழிய வாசிக்கவேண்டியிருக்கிறது.