பக்கத்து மாடியின் நிழல்

வடக்குப்பட்டுப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் மொட்டை மாடி முழுக்க என் ராஜ்ஜியம். துணி காயப்போடுவேன், வற்றல் பிழிவேன், சாயங்காலம் டீ டம்ளரோடு போய் நின்று தூரத்தில் தெரியும் தொழிற்சாலைக் கூரைகளை வேடிக்கை பார்ப்பேன். தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று நான் கத்தினால் மட்டும்தான் என் வீட்டுக்காரர் மேலே வருவார். அப்படிப்பட்டவர், ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் மாடியை அளந்துகொண்டிருந்தார்.

“எங்க கம்பெனி கூரை பூரா சோலார் போட்டுட்டாங்க. நம்ம வீட்டுக்கும் போடலாம்னு இருக்கேன்” என்றார்.

அவர் ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரு விஷயம் மனதில் விழுந்துவிட்டால் அதை முடிக்காமல் விடமாட்டார். அடுத்த மாதமே ஆட்கள் வந்து மாடியில் கம்பிச் சட்டம் அடித்து, கறுப்புக் கறுப்பாகப் பேனல்களைச் சாய்த்து மாட்டிவிட்டுப் போனார்கள். என் துணிக் கொடி வடக்கு மூலைக்கு ஒதுங்கியது. வற்றலுக்கு இடமே இல்லை.

எங்களுக்கு மேற்கே, மதிலை ஒட்டிய வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்; எங்களுக்கு அண்ணன், அக்கா. இந்த ஊர்க்காரர்கள். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அக்கா, கம்பெனியில் வேலை செய்யும் பையன்களின் ரூம்களுக்கு டிபன் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் மாதா கோவிலுக்குப் போய்வந்த பிறகு அவர்கள் வீட்டுக் குழம்பு மதிலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுக் கிண்ணமும் காலியாகத் திரும்பாது.

சோலார் போட்ட சில நாட்களில், நல்ல வெயிலில் கரண்ட் போனது. ஊறவைத்த அரிசிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றார்.

“உங்க வூட்ல இன்னாம்மா கவல, சூரியனே கீது. கொஞ்சூண்டு மாவு ஆட்டிக்கினு போறேன்.”

நானும் கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டேன். அசையவில்லை. ஃபேனும் நின்றுதான் இருந்தது. வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். “லைன்ல கரண்ட் இல்லன்னா நம்மளுதும் தானா நின்னுரும். இல்லாட்டி நம்ம வீட்டு கரண்ட் வெளிய போயி, கம்பத்துல வேல பாக்கிறவருக்கு ஷாக் அடிச்சிரும்ல” என்றார்.

நான் அதைச் சொன்னதும் அக்கா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கரண்டு இருந்தாத்தான் கரண்டு வருமா? இது இன்னாம்மா கூத்து!”

அந்தக் கூத்து தெரு முழுக்கப் பரவியது. அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் வாசலில் நின்று, “இன்னா, சூரியன் வூட்லயும் இல்லியா?” என்று விசாரித்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் கோபப்படவே மாட்டார். விளக்கம் சொல்லக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்வார்.

அவருடைய ஃபோனில் ஓர் ஆப் உண்டு. எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் உற்பத்தியாகிறது என்று ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கிக் காட்டும். டீ பிரேக்கில் அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்வார். “அங்க மேகமா இருக்கா?” புதிதாகக் காதலிக்கிறவர்கள்கூட வானத்தைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கமாட்டார்கள். எங்கள் சாலையில் ஓயாமல் லாரி ஓடும். புழுதி வந்து பேனல்மேல் மாவு மாதிரி படியும். வார லீவில் வெயில் ஏறுவதற்குமுன் மாடிக்குப் போய், பேனல்களைத் தண்ணீர் விட்டு நீளக்கட்டை மாப்பால் துடைத்துக்கொண்டிருப்பார். சாப்பிட்ட தட்டை ஒருநாளும் கழுவியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாலை அக்கா கேசரியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “மேல மாடி கட்டப் போறோம்மா. கம்பெனி பொண்ணுங்களுக்கு வாடகைக்கு வுட்டா, சமையலும் அங்கியே பாத்துக்கலாம். டிபன் தூக்கிக்கினு அலைய வேணாம்.”

எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அக்காவுக்கு முழங்கால் வலி. கேசரியை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால், என் வீட்டுக்காரர் மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சுவர் எழ எழ அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதியத்துக்குமேல் பக்கத்து மாடிச் சுவரின் நிழல் எங்கள் மாடியில் இறங்கி, முதலில் ஒரு பேனலின் ஓரத்தைத் தொட்டது. கைப்பிடிச் சுவரும் எழும்பியதும் பாதிப் பேனல்களை மூடியது. ஃபோனில் அந்த மலை, உச்சிக்குப் போன கையோடு பொத்தென்று விழுந்தது.

“அண்ணங்கிட்ட சொல்லிப் பாருங்களேன்” என்றேன்.

“என்னன்னு சொல்ல? அவர் இடத்துல அவர் கட்டுதாரு. எனக்கு வெயில் வேணும், நீங்க மாடி கட்டாதீங்கன்னா, கேக்கறவனே சிரிப்பான்.”

சொல்லவில்லையே தவிர, காட்டிவிட்டார். காலை ஷிஃப்ட் நாட்களில் இவரும் அண்ணனும் தெருமுனை வரை பேசிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். இவர் முன்கூட்டியே கிளம்பிப் போக ஆரம்பித்தார். அண்ணன் கையாட்டினால் ஹெல்மெட் மாட்டியிருப்பதால் தெரியாத மாதிரி போய்விடுவார். அக்காவும் நானும் மதிலருகே வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

“உங்க வூட்டுக்காரு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறாரு?” என்று ஒருநாள் அக்கா கேட்டேவிட்டார். நிழலைச் சொன்னேன். அக்கா திரும்பித் தன் வீட்டுச் சுவரை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அடக் கடவுளே” என்றார்.

அந்த ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்ததும் அண்ணனை இழுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் எங்கும் ஒளிய இடமில்லாமல் நின்றார். அண்ணன் பேனல்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நிழல் விழுந்த இடத்தில் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தார்.

“இவ்ளோ தூரம் வருதா சார்? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“சொன்னா என்னண்ணே, கட்டறத நிறுத்தியிருப்பீங்களா?”

“நிறுத்த மாட்டேன். கடன வாங்கி கட்டினு கீறேன், எப்படி நிறுத்துவேன்? ஆனா தெரிஞ்சிருந்தா வேற எதுனா யோசிச்சிருக்கலாம்ல. நீங்கபாட்டுக்கு மூஞ்ச திருப்பிக்கினு போனா எனக்கு இன்னா தெரியும்? நான் எதுனா தப்பா பேசிட்டனான்னு தூக்கமே இல்ல சார்.”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அண்ணன் பேனலைத் தாங்கும் சட்டத்தின் கால்களை ஆட்டிப் பார்த்தார். முட்டி உயரம்தான் இருந்தது. “இத்த அப்படியே ஆள் ஒசரத்துக்கு மேல தூக்கினா?” என்றார்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு ஆண்களையும் பிடிக்க முடியவில்லை. கரித்துண்டால் தரையில் கோடு போட்டு, படம் வரைந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, சாயங்காலம் வரை மாடியிலேயே இருந்தார்கள். பேனல் போட்ட கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து பார்த்தார். எத்தனை தடிமன் பைப், எங்கே குறுக்குச் சட்டம் என்று வரைந்து கொடுத்தார். பேனலைக் கழற்றுவதும் மாட்டுவதும் தங்கள் ஆட்கள்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சட்டத்தை அடிக்கும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். அவர்கள் மாடியில் எங்கள் பக்கமாக வரவேண்டியிருந்த தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டு ரூமையும் அக்கா மேஸ்திரியிடம் சண்டை போட்டு அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். “அந்தாண்ட போடுப்பா. இந்தாண்ட போட்டா எங்க சாருக்கு சோறு எறங்காது.”

வேலை நடந்த நாட்களில் எங்கள் மாடி பட்டறையாக மாறியது. அவர்கள் வீட்டுக்குச் செங்கல் ஏற்றிய கப்பியிலேயே எங்கள் பைப்புகளும் ஏறின. அண்ணன் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெல்டிங் வைப்பார். கம்பெனியில் ஒரு லைனையே மேய்க்கிற என் வீட்டுக்காரர் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். பேனல் கழற்றி வைத்திருந்த அந்த நாட்களிலும் ஃபோனில் ஆப்பைத் திறந்து, தட்டையாகக் கிடந்த கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

மாட்டி முடித்த அன்று மதியம் நாங்கள் நால்வரும் மாடியில் நின்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிழல் மெதுவாக நகர்ந்து வந்து எங்கள் காலடியில் விழுந்தது. பேனல்கள் எங்கள் தலைக்குமேல் வெயிலில் இருந்தன. கோடு விழவில்லை. சாயங்காலம் ஆக ஆக நிதானமாக இறங்கியது. அக்கா கையைத் தட்டினார்.

ஆனால் பேனல்கள் உயரத்துக்குப் போனதோடு ஒரு பயமும் கூட வந்தது. கார்த்திகை மாதத்தில் புயல் என்றார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா மாட்டார்களா என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கவலை மாடியில் இருந்தது. காற்று பலக்கும்முன் என் வீட்டுக்காரர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேலே போனார். அவருக்கு முன்பே அண்ணன் அங்கே நின்று ஒவ்வொரு நட்டாக முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே அக்காவும் நானும் மாறி மாறிக் கத்தியும், கடைசி நட்டை முறுக்கிய பிறகுதான் இருவரும் இறங்கினார்கள். அன்றிரவு ஆள் நின்றால் தள்ளிவிடும் காற்று. சட்டம் முனகியதே தவிர, ஒரு பேனல்கூட அசையவில்லை. காலையில் அண்ணன் எங்கள் வீட்டில்தான் காபி குடித்தார், காற்றைத் தானே நிறுத்தியதுபோல ஒரு முகத்தோடு.

அந்த டிசம்பரில் மேல் ரூம்களுக்குப் பெண்கள் குடிவந்துவிட்டார்கள். மொபைல் ஃபோன் கம்பெனியில் வேலை. தூத்துக்குடி, சாத்தான்குளம் என்று பாதிப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள். அவர்கள் பேச்சைக் கேட்கவே நான் மாடிக்குப் போவேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை என்று சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “உங்க மாடிய ஒருநாளிக்கி குடும்மா” என்றார்.

பேனல்களுக்கு அடியில் பந்தல் போட்டதுபோல நிழல். சட்டத்தில் நட்சத்திரம் கட்டினோம். ஜமுக்காளம் விரித்து, அக்கா செய்த பிரியாணிக்கு இலை போட்டோம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோவிலிலிருந்து நேராக வந்த பெண்கள் புதுச் சுடிதாரோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, “ஏண்ணே, மேல இம்புட்டு வெயில் அடிக்கி, கீழ ஷாக் அடிக்காதா?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியால் மேலே சுட்டிக்காட்டி ஆரம்பித்துவிட்டார்.

“சார், பிரியாணி ஆறிப்போவுது” என்றார் அண்ணன்.

அவர் காதில் விழவில்லை. விளக்கத்தில், வெயில் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் வரைக்கும் வந்துவிட்டிருந்தார். நான் கரண்டியை வாங்கிக்கொண்டு, அடுத்த இலைக்குப் போனேன்.