சாமியாடியின் காலில் பிளேட்

கூத்தையா மாமா வருசம் முழுக்கப் பிறத்தியார் வயலிலும் மிளகாய்க் களத்திலும் கூலிக்கு வேலை பார்ப்பவர். மாசிக் களரி அன்று மட்டும் அவர் கருப்பசாமி. குலசாமி கும்பிடும் அந்த ஒரு நாளில், கோயில் மேடையிலிருந்து அவர் அருவாளோடு குதித்து இறங்குவார். "ஏலே கூத்தையா, இங்கன வாடா" என்று மற்ற நாளில் கூப்பிடுகிற ஆட்களும் அன்று அவர் காலில்தான் விழ வேண்டும். அவருடைய அய்யாவும், அய்யாவின் அய்யாவும் ஆடிய இடம் அது.

மிளகாய் மூட்டை ஏற்றிப் போன லோடு ஆட்டோ உப்பூர்ப் பக்கம் கவிழ்ந்ததில், அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. ராமநாதபுரத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். நயினார்கோவிலிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் நான்தான் கூட இருந்தேன்.

கால் நன்றாகவே கூடியது. மாமா மறுபடி மூட்டை தூக்கினார். ஆனால் அடுத்து வந்த இரண்டு களரியிலும் அவருக்குச் சாமி வரவில்லை. உறுமி கிழிய அடித்தார்கள், முகத்துக்கு நேரே சாம்பிராணி காட்டினார்கள். அவர் கண்ணைத் திறந்தபடி வியர்த்து நின்றார்.

பங்காளி சோணைமுத்து டீக்கடையில் வைத்து மாமாவிடம் சொன்னார்: "இரும்பக் கண்டா பேயே ஒதுங்கும். உள்ளுக்க இரும்ப வச்சுக்கிட்டு வா வான்னா சாமி எப்பிடிண்ணே எறங்கும்?"

"சாமி கையில இருக்குற அருவா மட்டும் என்ன, பஞ்சு முட்டாயா?" என்று கேட்டேன்.

"கையில புடிக்கிறது வேற, எலும்புல பூட்டுறது வேற மாப்ளே. இதெல்லாம் காலேஜுல சொல்லித் தர மாட்டாக."

டீ வாங்க வந்திருந்த மாமாவின் மனைவி பூமயில் அத்தை விடவில்லை. "அது இரும்பே இல்லையாம், எவர்சில்வர் மாதிரியாம். டாக்டரு சொன்னாரு. எவர்சில்வர்ப் பானையில பொங்கி வச்சா ஒங்க சாமி திங்காம எந்திரிச்சுப் போயிருச்சா?"

கடையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. வருகிற களரியிலும் சாமி வராவிட்டால் அருவாளும் ஆடுகிற உரிமையும் சோணைமுத்து வீட்டுக்குப் போகும் என்று பங்காளிகள் முடிவு செய்திருந்தார்கள்.

தை மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். பிளேட் இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை என்றார் டாக்டர். மாமா எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார்.

"எடுக்குறேன். ஆனா ஸ்க்ரூ இருந்த எடமெல்லாம் எலும்புல ஓட்டையாத்தான் இருக்கும். அது தூந்து வர மாசக்கணக்காகும். அது வரைக்கும் நடக்கலாம். குதிச்சீங்கன்னா ஓட்டை வழியாவே ஒடியும்."

எடுத்த பிறகு பிடித்த எக்ஸ்ரேயை நானும் பார்த்தேன். கீல் கழற்றிய கதவுச் சட்டம் போல எலும்பில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். விரலை வைத்துக் காட்டினேன். மாமா தலையாட்டினார். பிறகு, "இப்ப உள்ளுக்க ஒண்ணும் இல்லைல?" என்று மட்டும் கேட்டார்.

மாசி பிறந்தது. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. களரியன்று எல்லாரும் சாமி வர வேண்டும் என்று கும்பிட, அத்தை மட்டும் வேப்ப மரத்தடியில் தனியாக நின்றாள். "வந்துறாத சாமி. இந்த வருசம் மட்டும் வந்துறாத" என்று அவள் முனகுவது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

பொழுது சாயும் நேரம். உறுமி ஆரம்பித்ததுமே மாமாவின் தோள் குலுங்கியது. கண் மேலே செருகியது. குலவை எழுந்தது. அருவாளைப் பிடுங்கிக்கொண்டு மேடையில் ஏறினார். அத்தை "ஏய்யா" என்று ஓடுவதற்குள் குதித்துவிட்டார்.

பச்சை விறகு முறிகிற சத்தம்.

அவர் விழவில்லை. ஆடினார். முழங்காலுக்குக் கீழே, மடங்கவே கூடாத இடத்தில் கால் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பாதம் வேறு பக்கம் பார்த்தது. அத்தை பிடிக்கப் போனாள். "சாமியத் தொடாத" என்று நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள். நான் உறுமிக்காரர்களிடம் ஓடி நிறுத்தச் சொன்னேன். அவர்கள் சோணைமுத்துவைப் பார்த்தார்கள். சாமியை மலையேற்றும் உரிமை அவருக்குத்தான். அவர் கையில் திருநீறு இருந்தது. அவரும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்புறியாடா?" என்றது சாமி, சோணைமுத்துவின் முகத்துக்கு நேராக.

"நம்புறேன் சாமி. போதும், மலையேறு." திருநீறு நெற்றியில் பட்டது. உறுமி நின்றது. அதற்குப் பிறகுதான் மாமா தன் சொந்தக் குரலில் அலறினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் அவர் தலை என் மடியில் இருந்தது. கால் அத்தையின் மடியில், துண்டு சுற்றிக் கிடந்தது. துண்டு நனைந்துகொண்டே வந்தது. ஆடியது எதுவும் ஆடியவருக்கு நினைவிருக்காது. மாமா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "வரல. மேடையில தடுக்கி விழுந்துட்ட. அருவாள அவுகளே கொண்டு போயிட்டாக. இனிமே ஒனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல."

மாமா கழுத்தைத் தூக்கித் துண்டுக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பார்த்தார். அது குதிகாலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வலியோடு சிரித்தார்.

"பொய் சொல்றா மாப்ளே. சாமி வராமயா காலு இப்பிடிக் கெடக்கு?"