மேகம் போட்ட காலையில் இரண்டு வேன்

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்ற இரண்டு வேன். ஒன்று என்னுடையது. மற்றது மச்சானுடையது, என் வீட்டுக்காரியின் தம்பி அவன். ஊர்ப் பொங்கலில் குழாய் ஸ்பீக்கரை யார் வீட்டுப் பக்கம் திருப்புவது என்று சண்டை. அதிலிருந்து பேச்சு இல்லை.

வெயில் அடித்தால் இரண்டு வேனும் நிறையும். மேகம் போட்டால் வெடிமருந்து காயாது, வேலை பாதி. ஒரு வேனுக்குத்தான் ஆள் தேறும். காலியாக ஓட்டினால் டீசல் வீண். இரண்டும் ஓடாமல் நின்றால் கம்பெனி லைனே கைவிட்டுப் போய்விடும். எனக்கு வேறு பிழைப்பு இல்லை. அவன் எடுப்பானா என்று கேட்கலாம். கேட்டால் மானம் போகும்.

சென்னையிலிருந்து ஒரு டீச்சரம்மா இதை ஆராய்ச்சி செய்ய வந்தார். ஸ்டாப்பில் உட்கார்ந்து எந்த வேன் வருகிறது என்று குறித்தார்.

“உங்க மச்சானைப் பத்தி என்ன நினைச்சு வந்தீங்கன்னு, நீங்க வர்றதை வச்சே கண்டுபிடிக்கணும்” என்றார்.

“கேளுங்க, சொல்லிப்புடுறேன்.”

“சொல்றதை எடுத்துக்கக் கூடாது. செய்யறதைத்தான். உங்களுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாது. அப்படித் தனித்தனியா இருந்தாத்தான் என் கணக்கு நிக்கும்.”

படித்தவர். சரி என்றேன்.

ஆனால் மேகம் போட்டபோதெல்லாம் இரண்டு வேனும் பாதி காலியாக வந்து நின்றன. கணக்குப்படி அப்படி நடக்கக் கூடாதாம். பொறுக்க முடியாமல் என்னிடம் கேட்டேவிட்டார்.

“கம்பெனி ஃபோர்மேன் அண்ணாச்சி போன் போட்டாக. ‘ஒம் மச்சான் வரலையாம்லே, வண்டிய எடு’ன்னாக. எடுத்தேன்.”

மச்சானிடம் போனார். அவனுக்கு வந்த போனில் ‘ஒன் அத்தான் வரலையாம்லே’.

“ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் சொல்லியிருக்காரு. என் கணக்கு மொத்தமும் போச்சு” என்றார்.

அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“ஒரு வேனாவது வந்து சேரணும்லே. சீசன்ல ஆளுக்கு நான் எங்கன போவேன்?”

அடுத்த மேகத்துக்கும் போன் வந்தது. “நெசமாவே ஒம் மச்சான் வரலைலே.” இதே போன் மச்சானுக்கும் போயிருக்கும், அவன் எடுப்பான் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அவனும் இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்கள் மொத்தமும் ஸ்டாப்பில் நின்றார்கள். கம்பெனி தன் பஸ்ஸை அனுப்பி ஏற்றிக்கொண்டது. இனி பஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சரம்மா ஆர்வமாகக் குறித்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

சாத்தூரில் ஒரு கம்பெனிக்கு வேன் வேண்டுமாம். மச்சான் முந்தியிருப்பான் என்று நான் போகவில்லை. இன்னும் யாரும் வந்து கேட்கவில்லையாம்.