வர்ணப் பென்சிலுக்கும் டிக்கெட்

அலுவலகத்தில் வரைபடம் போட இன்று பிரித்த பென்சில் பெட்டியின் மரவாசனை, தெமோதரை ஸ்டேஷன் ரோட்டில் இப்போது இல்லாமல் போய்விட்ட கடைக்கே என்னை இழுத்துக்கொண்டு போனது. கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் சேர்ந்து மணக்கும் அந்தக் கடையின் சுவரில் வர்ணப் பென்சில் விளம்பரம் ஒன்று தொங்கும்: கொழும்பில் ஒரு ரூபாய், மலைநாட்டில் ஒரு ரூபாய் பத்துச் சதம்.

"இங்க மட்டும் ஏன் பத்துச் சதம் கூட?" என்று சின்ன வயதில் கடைக்கார நானாவிடம் கேட்டேன்.

"ரயில்ல ஏறி வருதே மகள், அதுக்கும் டிக்கெட் வேணாமா?"

நம்பிவிட்டேன்.

அப்பாவோடு கொழும்புக்குப் போனபோது ஒரு ரூபாய்க்கே அந்தப் பென்சில் பெட்டி கிடைத்தது. திரும்பும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறியதும், பெட்டியின் மேலேயே பாவாடையைப் பரப்பி உட்கார்ந்துகொண்டேன். பிடுங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க, சுரங்கத்துக்குப் பின் சுரங்கமாக வந்துகொண்டே இருந்தது. அவர் நகர்வதாக இல்லை.

"ஒழுங்கா உக்காரு புள்ள" என்றார் அப்பா.

தெமோதரையில் இறங்கியதும் நேரே கடைக்கு ஓடினேன்.

"நானா! டிக்கெட் இல்லாமயே கூட்டிட்டு வந்துட்டேன்!"

நானா எட்டி ரோட்டைப் பார்த்தார். "மெதுவாச் சொல்லு மகள், ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கேட்டுறப்போகுது!"