பாதி பஸ்

ஜெராக்ஸ்காரர் வீட்டில் மணி பார்த்து யாரும் உருப்பட்டதில்லை. ஹாலில் நாலு சுவர்க் கடிகாரங்கள் தொங்கும். நாலும் ஓடாது. ஒன்று கொலைப் படத்தில் பிணத்தின் தலைக்கு மேல் தொங்கியது, இன்னொன்று கோர்ட் சீரியலில் நீதிபதிக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அலமாரியில் தடித்தடியாகச் சட்டப் புத்தகங்கள் இருக்கும். ஒன்றை உருவினால் பத்துப் புத்தகமும் ஒரே அட்டையாகக் கையோடு வரும், உள்ளே தெர்மாகோல். இரும்புப் பெட்டியை ஒரு விரலால் தூக்கலாம், பிளைவுட். வந்த விருந்தாளி பாத்ரூம் என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளிப் பார்த்து, பின்னால் வெறும் சுவர் இருப்பதைக் கண்டு அசடு வழிந்து திரும்புவார். இதற்கெல்லாம் நடுநாயகமாக, ராஜா சீரியல் ஒன்றில் வந்த ஒரு சிம்மாசனம். முன்னால் பார்த்தால் தகதகவென்று தங்கம். பின்னால் போனால் சட்டமும் ஆணியும்தான். கேமரா பார்க்காத பக்கத்துக்கு எவன் பெயின்ட் வாங்குவான்?

இதையெல்லாம் சினிமாக்காரர்கள் ப்ராப்பர்ட்டி என்பார்கள். படம் முடிந்ததும் கோடவுனில் கிடக்கும். இடம் பற்றாமல் போகும்போது ஏலத்துக்கு வரும். ஏலம் எங்கே நடந்தாலும் ஜெராக்ஸ்காரர் கடை ஷட்டரை இறக்கிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் நகல் எடுத்துப் பிழைக்கிற மனுஷன் வீடு நிறையப் போலிகளை வாங்கி அடுக்குகிறாரே என்று தெருவே கிண்டல் செய்யும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "நிஜ சாமான் எல்லார் வீட்டுலயும் இருக்கு, இது யார் வீட்டுல இருக்கு?" என்று ஒரே போடாகப் போடுவார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. வாங்கிய பொருளைத் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, உபயோகிக்கவே கூடாது. ஷூட்டிங்கில் பட்ட கறையும் கீறலும்தான் அதற்கு மதிப்பு என்று அடித்துச் சொல்வார். ஒருமுறை அவர் மகள் சிம்மாசனத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துவிட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு, இவருக்கு ஒரு பிடி கூடுதல்.

இந்த மியூசியத்தில் நிஜமாக ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஆள்தான், அவர் மனைவி. பஸ் டிரைவர். தெருவில் டிரைவரம்மா என்றால்தான் தெரியும். டிரைவரம்மாவுக்கு வண்டியும் நன்றாக ஓட்ட வரும், திட்டவும் நன்றாக வரும். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வராது, ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டவன் வீடு போய்ச் சேரும்வரை தலை நிமிர மாட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் ஆரம்பமாகும். அன்றைக்குக் குறுக்கே வந்தவன், சொல்லாமல் திரும்பியவன், நடு ரோட்டில் நின்று போன் பேசியவன் எல்லோருக்கும் மறுபடி ஒரு சுற்று விழும். "கண்ணாடி எதுக்குடா வெச்சிருக்கே, பவுடர் போடவா?" என்று அவள் கேட்ட கேள்வியை அப்பாவும் மகளும் வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வீட்டில் டிவி போடாததற்கு அதுதான் காரணம்.

பிறகு அவளுடைய இடது கண்ணில் ஓரப் பார்வை மங்க ஆரம்பித்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, மற்ற எல்லா வேலையும் செய்யலாம், கனரக வண்டி மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார். டெப்போவில் நல்ல மனுஷர்கள். விசாரணை கவுண்டரில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து எந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பாள், துணி மடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். பருப்பில் உப்பில்லை என்று ஜெராக்ஸ்காரர் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தார். மன்னிச்சுக்கோங்க என்று உப்பு டப்பாவை எடுத்து வைத்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் பழையபடி திட்ட வேண்டும். யாரையாவது, ஏன், தன்னையேகூட.

அப்போதுதான் ஒரு பழைய ஸ்டூடியோவைக் காலி செய்கிறார்கள் என்று தகவல் வந்தது. வழக்கம்போல ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினார். பொம்மைத் துப்பாக்கிகளையும் அட்டைத் தூண்களையும் தாண்டிப் போனவர், கோடவுன் கோடியில் அப்படியே நின்றுவிட்டார். அங்கே பாதி பஸ் நின்றிருந்தது. குறுக்கே அறுத்த பஸ். டிரைவர் சீட், ஸ்டீயரிங், கியர், பின்னால் இரண்டு வரிசை சீட்டு, அதோடு சரி. முன் கண்ணாடி கிடையாது, இருந்தால் லைட் வெளிச்சம் பட்டு எதிரொளிக்குமாம். சக்கரத்துக்குப் பதில் அடியில் நாலு பெரிய ஸ்பிரிங். செட்டில் வேலை பார்த்த ஒருவர் விளக்கம் சொன்னார். ஹீரோ உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சுற்றுவார், இரண்டு பேர் அடியில் ஒரு நீளக் கட்டையைக் கொடுத்து ஆட்டுவார்கள், பார்க்கிறவனுக்கு பஸ் பறக்கும்.

ஜெராக்ஸ்காரர் டிரைவர் சீட்டையே பார்த்தார். அந்த சீட்டில் அவர் கண்ணுக்கு ஹீரோ தெரியவில்லை, ஓட்டினால் யார் மேலும் மோதாத பஸ் ஒன்று தெரிந்தது.

ஏலத்தில் அவருக்கு எதிராக ஒரு ஹோட்டல் முதலாளி கையைத் தூக்கினார். சாப்பிட வருகிறவர்கள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஹோட்டல் வாசலில் வைக்கப்போகிறாராம். இவர் ஏற்ற, அவர் ஏற்ற, இவருடைய பை காலியாகிற கட்டம் வந்துவிட்டது. மானம் போனால் போகிறது என்று எழுந்து நேராக அவரிடமே போனார்.

"சார், ஹோட்டல் வாசல்ல பஸ்ஸை வெச்சா, வர்றவன் பஸ் ஸ்டாப்புன்னு நினைச்சுக் குடை பிடிச்சு நிப்பான். ஒருத்தனும் உள்ள வர மாட்டான். சிம்மாசனம் வெச்சுப் பாருங்க, ராஜா மாதிரி வந்து உக்காருவான். சீரியல்ல வந்த ஒண்ணு என்கிட்ட இருக்கு. இதை எனக்கு விட்டுடுங்க, அதை நான் உங்களுக்கே தந்துடறேன்."

முதலாளி, சீரியலில் பார்த்த அந்தச் சிம்மாசனமா என்று கேட்டார். அதேதான் என்றார் இவர். தன் வாயால் அதைச் சொல்லும்போது வலித்தது, அதை மறைப்பானேன். முதலாளி கையைக் கீழே போட்டார்.

பாதி பஸ் லாரியில் ஏறி வந்ததைப் பார்க்கத் தெருவே திரண்டுவிட்டது. அதை வீட்டுப் பக்கவாட்டில், துணி காயப்போடும் இடத்தில் கஷ்டப்பட்டு இறக்கினார்கள். டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவருடைய மைத்துனர் ஸ்பிரிங்குகளை முடுக்கி, உறுதியாக நிற்கிறதா என்று நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் முடிகிற நேரத்துக்கு டிரைவரம்மா வேலையிலிருந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் பையைத் தரையில் வைத்தாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே படியில் காலை வைத்து ஏறி, ஸ்டீயரிங்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதே!"

கத்தியது ஜெராக்ஸ்காரர். யோசித்துக் கத்தவில்லை. சிம்மாசனத்துக்கும் கடிகாரத்துக்கும் இரும்புப் பெட்டிக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே கத்திவிட்டது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். இறங்கிப் பையை எடுத்துக்கொண்டாள். "நல்லா இருக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் பாதியாகக் குறுகிப்போனார். தெருவும் நைசாகக் கலைந்தது.

அவர் பின்னாலேயே ஓடினார். வாய் தவறி வந்துவிட்டது, உனக்காகத்தான் வாங்கினேன், சிம்மாசனத்தையே கொடுத்துவிட்டுத்தான் வாங்கினேன் என்று என்னென்னவோ சொன்னார். அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பரவாயில்லைங்க. டாக்டரும் அதைத்தான் சொன்னாரு, டெப்போவிலயும் அதைத்தான் சொன்னாங்க. தொடாதேன்னு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க."

அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். ஜெராக்ஸ்காரர் அந்த இடத்திலேயே சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கமே படவில்லை. அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், தோளைத் தட்டினாள், சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லாம் செய்தாள், திட்டத்தான் இல்லை.

மறுநாள் லீவு நாள். காலையில் பக்கவாட்டிலிருந்து சளக் சளக்கென்று சத்தம் வந்தது. மகள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் துணியுமாகப் பாதி பஸ்ஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஷூட்டிங் அழுக்கு கறுப்பாக வழிந்து சாக்கடைக்குப் போனது. ஏலக்காரர்கள் ஒட்டிய நம்பர் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். இனி அதை ஒரு சேகரிப்பாளனும் சீந்த மாட்டான். மைத்துனரை வரவழைத்து, டெப்போவில் கழித்துப்போட்ட பக்கக் கண்ணாடி இரண்டு வாங்கி வரச் சொல்லி, தானே மாட்டினார். ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது படிக்கட்டைப் பார்த்தது.

சமையலறை ஜன்னலில் ஒரு முகம் வந்தது, போனது.

பிறகு அவர் மகளையும் மைத்துனரையும் அடியில் ஒரு நீளக் கட்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தன் சட்டத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியறியாத மனுஷன். படத்தில் பார்த்த மாதிரி ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுழற்றினார். கிளட்சைத் தொடாமலே கியரை ஆட்டினார். கியர் குச்சி மாவாட்டுகிற மாதிரி சுற்றியது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டீச்சரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலில் முகம் மறுபடி வந்தது. இந்த முறை போகவில்லை.

அவர் இன்னொரு தடவை கியரை ஆட்டினார். பின்கதவு படாரென்று திறந்தது. டிரைவரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இறங்குங்க."

இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை ஒரு இழுப்பு முன்னால் இழுத்தாள். இரண்டு கண்ணாடியையும் திருப்பிச் சரி செய்தாள். இடது பக்கத்துக்கு மட்டும் தலையைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தது, திருப்பினாள். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். முன்னால் இருந்தது துணிக்கொடியும் மதிலும்தான். அவள் அதைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெப்போ கேட்," என்றாள். "பள்ளம் இருக்கு. மெதுவா."

ஜெராக்ஸ்காரர் மகளைத் தள்ளிவிட்டுக் கட்டையைத் தானே பிடித்துக்கொண்டார். மைத்துனரும் அவரும் அழுத்தினார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. மகள் ஓடிப்போய் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். டீச்சரம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள். எல்லோரும் ஏறும்வரை வண்டி நின்றது. படியில் தொங்கிய ஒருவரைக் கண்ணாடியில் பார்த்து, உள்ளே இடமிருக்கும்போது வாசலில் தோரணமா கட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டதும், பஸ்ஸுக்குள் சிரிப்பு கிளம்பியது. மகள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவை எட்டிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

மார்க்கெட் வந்தது. பாலம் ஏறியது. டிரைவரம்மா ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல, கட்டையும் ஏறி இறங்கியது. பாலத்து இறக்கத்தில் யாரோ குறுக்கே வந்திருக்க வேண்டும். அவள் ஓங்கி பிரேக்கை மிதித்தாள். கட்டைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குக் குலுக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது.

அவள் பக்கவாட்டில் தலையை நீட்டினாள்.

"யோவ்! நான் பிரேக்கு போடறேன், நீ பாட்டுக்கு ஆட்டிக்கிட்டே இருக்கே? வண்டி ஓட்டறது நானா, நீயா? கண்ணு எங்கய்யா வெச்சிருக்கே? வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் யோவ் என்று கூப்பிட்டதில்லை. ஜெராக்ஸ்காரருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"தப்புதாங்க, டிரைவரம்மா," என்றார். சொல்லிவிட்டு, இன்னும் தப்பாக ஆட்டினார்.