வெள்ளையில் ஒரு பொட்டு நீலம்

சதுரக் கண்ணாடிக் குப்பியை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் சித்ராதேவி. பழைய பனியன் துணியால் துடைக்கிறார். மறுபடி பார்க்கிறார். பிறகுதான் குப்பி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்குள் போகும். "கைரேகை பட்டா அதையும் சத்துன்னு எண்ணிக்கிருவான்ணே, இந்தப் பய" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூடியைச் சாத்துகிறார்.

பெருமாநல்லூர் போகும் சாலையில், ஒரு தையல் யூனிட்டின் மாடியில் இருக்கிறது அந்த மண் பரிசோதனைக் கூடம். கீழே ஓவர்லாக் மெஷின்கள் ஓடினால் மேலே மேஜை அதிரும். அதற்காகக் கருவிக்கு அடியில் ஒரு பனியன் துணியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணைக் கரைத்து, வடிகட்டி, மருந்து சேர்த்தால் நீலம் பிடிக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். அதன் வழியே ஒளியை விட்டுக் கருவி எண் சொல்லும்.

சாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். எட்டு வருடம் ஒரு சாயப்பட்டறை லேபில், துணி வாங்கும் பையர் கேட்ட நிறமும் துணியில் வந்த நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண் காய்கறிக் கடையிலும் சும்மா இருக்காது. "இந்தத் தக்காளி ரெண்டு ஷேடு கம்மிங்க" என்பார். வாடிக்கையாளரிடம் பேசினால் கொங்குப் பேச்சு. நன்றாகப் பழகிவிட்டாலோ பதற்றம் வந்தாலோ சாத்தூர்ப் பேச்சு வந்துவிடும்.

2006 ஐப்பசியில் அப்படி ஒரு பதற்றம் வந்தது. நான் எங்கள் தோட்டத்து மண்ணைக் கொடுக்கப் போயிருந்த காலை அது. முந்தின நாள் அளந்த குப்பிகளைக் கழுவ எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மண் சேர்க்காமல், மருந்து மட்டும் ஊற்றிய குப்பி ஒன்று உண்டு; 'வெள்ளை' என்பார் அதை. அதைப் பூஜ்யமாக வைத்துத்தான் கருவி மற்றவற்றை அளக்கும். தெளிந்த தண்ணீர் போல இருக்க வேண்டிய அதில் மெல்லிய நீலம். முந்தின நாள் மேகம் மூடிய இருட்டில், ஜன்னலில் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"போச்சு! வெள்ளையில நீலம் அடிக்குது!"

காரணம் அவருக்கே தெரிந்தது. கழுவும் அமிலம் தீர்ந்துபோனதால், கடைசியாக மிஞ்சிய அந்த ஒரு குப்பியை மட்டும் துணி சோப்புத் தூள் போட்டுக் கழுவியிருந்தார். அந்தத் தூளிலும் மணிச்சத்து உண்டு. பூஜ்யம் ஏறிப்போனால் எல்லா மண்ணும் சத்துக் குறைந்ததாகத் தெரியும். ஆறு பேருக்கு 'மணிச்சத்து குறைவு, டி.ஏ.பி. உரம் இடவும்' என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

கூடத்தின் உரிமையாளர் குமாரவேல் நல்ல மனிதர்தான். "கொஞ்சம் சேத்திப் போட்டா பயிரு ஒண்ணும் செத்துப்போகாதுங்க. நாமளாப் போயிச் சொன்னா, அப்பறம் ஆருங்க இங்க வருவாங்க?" என்றார்.

"வரலன்னாப் போகட்டும் சார். நான் கையெழுத்துப் போட்ட நம்பரு அது."

குமாரவேல் இழுப்பறையிலிருந்து லெட்டர்பேடை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "சரிங்க, தப்புன்னு எழுதறதையும் லெட்டர்பேடுலயே எழுதிக் குடுங்க" என்றார்.

குப்பிகளைக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, மீதி மண்ணை எடுத்து மதியத்துக்குள் ஆறையும் மறுபடி அளந்தார். ஐந்து பேரைப் போனில் பிடித்தாயிற்று. ஆறாமவர் மாரப்பனின் போன் அணைந்து கிடந்தது. அன்றைக்கே சோளக்காட்டுக்கு அடியுரம் போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். அவர் மண்ணில் மணிச்சத்து தேவைக்கு மேலேயே இருந்தது. என்ன ஆகிறதென்று பார்க்கும் ஆசையில் நானும் கூடவே பஸ் ஏறினேன்.

பெருமாநல்லூரில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர வரப்பில் வேகமாக நடந்தார். தூரத்தில் மாரப்பன் உர மூட்டையைப் பிரித்துக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நிறுத்துங்க! போட்றாதீக!"

"ஏனுங்க அம்மிணி, இந்த ஈரத்துல இப்படி ஓடியாறீங்க?"

"நேத்து நாங் குடுத்த நம்பரு தப்புங்க. குப்பியைச் சரியாக் கழுவல, எம்மேலதான் தப்பு. உங்க மண்ணுக்கு இந்த உரம் வேண்டாம்."

மாரப்பன் புதிய தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "உரம் போடு, உரம் போடுன்னு சொல்லறவங்களத்தானுங்க இத்தன நாளாப் பாத்திருக்கறேன். போடாதீங்கன்னு சொல்லறக்கு பஸ் ஏறி வந்தது நீங்க ஒருத்தருதானுங்க. அப்ப என்ற மண்ணு நல்ல மண்ணுதானுங்களே?"

"ரொம்ப நல்ல மண்ணுங்க. தழைச்சத்து மட்டும் எழுதினபடி குடுங்க. அது சரியாத்தான் இருக்கு."

காலையிலிருந்து இறுகியிருந்த சித்ராதேவியின் முகம் அப்போதுதான் இளகியது. "மோரு குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்" என்று மாரப்பன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அவர் சொம்போடு திரும்பி வந்தபோது, சித்ராதேவி கூடையிலிருந்த உரத்தை ஒரு குருணை விடாமல் மூட்டைக்குள் கொட்டி, வாயைச் சுருக்கிச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டுக்கொண்டிருந்தார்.