கூண்டில் ஏறி அம்மா சொன்னது

இந்த ஊரில் தினமும் காலையில் என்னைப் பார்த்து முதலில் சிரிப்பவர் ஒரு வக்கீல். டொராண்டோவின் கிழக்குப் புறநகரில் நான் பேருந்துக்குக் காத்திருக்கும் நிழற்குடையின் கண்ணாடியில் ஆளுயரத்துக்கு அவர் படம் ஒட்டியிருக்கிறது. நீலக் கோட்டு, மார்பின் குறுக்கே கட்டிய கைகள், வாய் நிறையப் பல். 'பிறர் கவனக்குறைவால் உங்கள் அன்புக்குரியவர் இறந்தாரா? உடனே அழையுங்கள்' என்று தலைக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் அதையே தமிழிலும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் நம்மவர்கள் அதிகம், அதனால் சாவு விஷயத்திலும் நம்மை மறக்கவில்லை. வந்த புதிதில் அதைப் பற்பசை விளம்பரம் என்றுதான் நினைத்தேன். பிணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு மனிதர் இவ்வளவு பல்லைக் காட்டுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இங்கே அதற்கு 'ராங்ஃபுல் டெத்' என்று பெயர். நான் வேலை செய்யும் குடோனில் மதியச் சாப்பாட்டு மேசையில் கார் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுகிறார்கள். முதல் ஆலோசனை இலவசம், ஜெயித்தால்தான் ஃபீஸ் என்கிறார்கள். நம்மூரில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம். அதனால் அங்கே படம் வராது, நேராக ஆளே வருவார். என் தம்பி முரளியின் உடலை வாங்க அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நாங்கள் நின்றிருந்தபோதும் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. எங்களுக்கு முன்னால் அவர் அழுதார். என் மாமா ஏகாம்பரத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தார், முதுகைத் தடவினார், தடவிய கையாலேயே வக்காலத்துத் தாளை நீட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மாமா பேனாவைத் திறந்துவிட்டார். விமானத்திலிருந்து இறங்கி நேராக அங்கே வந்திருந்த நான்தான் அந்தத் தாளைப் பிடுங்கி மடித்து அந்த வக்கீலின் பையிலேயே திருப்பி வைத்தேன்.

முரளி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். கல்யாணம் ஆகவில்லை. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும் இருந்தார்கள். அப்பா நாங்கள் விவரம் தெரியாத வயதில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் பாத்திரம் கழுவித்தான் அம்மா எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். முரளி முதல் சம்பளம் வாங்கிய அன்று, "இனிமே நீ எவன் ஊட்டுப் பாத்திரத்தையும் தொட வாணாம்மா" என்றான். மறுநாளிலிருந்து அவளை அனுப்பவில்லை. நான் இங்கிருந்து அனுப்பிய பணம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறி, பிறகு பேங்க் லோனுக்குத் தவணையாகப் போனது. வீடு எழும்பியது என் பணத்தில் என்றால், அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவன் சம்பளத்தில். அரிசி, கேஸ், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அவன் பாடு.

அந்த மாத்திரைதான் அவனுக்கு எமனாக வந்தது. பூந்தமல்லியில் ஒரு மருந்துக் கடையில் விலை குறைவு என்று மாதாமாதம் அங்கே போய் வாங்கி வருவான். அன்றைக்கும் வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பும்போது, செம்பரம்பாக்கம் பக்கத்துக் குடோன்களுக்குச் சரக்கு ஏற்றிப்போன கண்டெய்னர் லாரி சிக்னல் போடாமல் திரும்பியது. அந்தக் குடோன்கள் இருக்கும் நிலத்தில்தான் அம்மா சின்ன வயதில் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். ஸ்டேஷனில் அவன் பர்சையும் செல்போனையும் கொடுத்தபோது மாத்திரை அட்டைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அம்மா அவற்றை வழக்கம்போல் வேளைக்கு ஒன்றாகப் போட்டுத் தீர்த்துவிட்டாள். பின்னால் எங்கள் வக்கீல், அந்த அட்டையும் பில்லும் நல்ல சாட்சியமாயிற்றே என்று கேட்டபோது வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. "புள்ள வாங்கியாந்த மாத்திரைய வீணாக்குவாங்களாம்மா?" என்று அம்மா அவரையே திருப்பிக் கேட்டாள்.

வக்கீல் பெயர் வசந்தி. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டு, அங்கே கிடைத்தவர். அதட்டாமல் பேசுகிற பெண்மணி. வழக்கின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். லாரிக்காரன் மேல் தப்பு என்பது போலீஸ் எழுதியதிலேயே இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் செத்தவனின் வருமானத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்குத்தான் இழப்பீட்டின் பெரும் பங்கு கிடைக்கும். அம்மா முரளியை நம்பித்தான் வாழ்ந்தாள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது நான். வெளிநாட்டில் ஒரு மகன் இருக்கிறான் என்றால், கிழவிக்கு என்ன குறை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்பார். நான் கனடாவில் மூட்டை தூக்குகிறேனா, மாளிகையில் இருக்கிறேனா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

வழக்கு நடக்கும் வேகத்தில் இங்கே பனி விழுந்து கரைந்து மறுபடியும் விழுந்தது. அம்மாவின் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்து வசந்தி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பொய் எதுவும் வேண்டாம், அரிசி யார் வாங்கினார், மாத்திரை யார் வாங்கினார் என்று கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு வசந்தி என் பக்கம் திரும்பி, "நீங்க உள்ள வராதீங்க சார். எங்கயாச்சும் போய் டீ சாப்டுங்க" என்றார். எதிர்த்தரப்பு என் சட்டையையும் ஷூவையும் பார்த்து எடை போடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "நீ கூட வா நைனா, பயமா கீது" என்றாள். அந்தக் கையை உதறிவிட்டு டீக்கடைக்குப் போகும் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்? உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். வசந்தி என்னைப் பார்த்துவிட்டுக் கண்களை ஒரு கணம் மூடிக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் இளைஞர். மிரட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ பெற்ற தாயிடம் பேசுவது போலப் பேசினார். மகனைப் பறிகொடுத்ததற்கு வருத்தம் தெரிவித்தார். நிற்க முடிகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். அப்புறம் மெதுவாக, "பெரிய பையன் கனடாவுல இருக்காராமே? கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. உங்கள நல்லா பாத்துக்கறாரா?" என்று கேட்டார்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்த்தவளிடம் எங்கள் தெருவே கேட்கும் கேள்வி அது. ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள், குழாயடியில் கேட்பார்கள், சாவு வீட்டில் மாலை போட வந்த இடத்திலும் கேட்பார்கள். பதில் ஒன்றுதான். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அதே பதில்தான். நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொல்வது மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்புவது. அதிலும் அந்தப் பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் துப்புவாள்? அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் பெரிய புள்ள என்ன ராணியாட்டம் வெச்சிகினு கீறான். எனக்கு இன்னா கொற?"

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. நீதிபதி அதைச் சட்டத் தமிழாக்கிச் சொல்ல, 'சாட்சி தமது மூத்த மகனின் பராமரிப்பில் இருந்து வருகிறார்' என்று ஏறியது. வசந்தி எழுந்து ஒட்டுப்போடப் பார்த்தார். அப்படியானால் சின்ன மகன் உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டார். குழாயடியில் யாரும் அம்மாவிடம் கேட்டிராத கேள்வி அது.

"அவனா? அவன் இன்னா செய்வாம்மா, சின்னப் புள்ள. என்கூட இருந்தான்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். அந்த இரண்டு வார்த்தைக்குள் அரிசியும் கேஸும் மாத்திரையும் எல்லாம் இருந்தன. கோர்ட்டுக்கு அவற்றைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், அம்மாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே வந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தவள தன் வாயால கெட்டுச்சி மாப்ள" என்றார். அம்மா எதுவும் நடக்காதது போல என் கையைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஆட்டோவில் கோவில்பதாகை வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் குடோனில் என்னோடு வேலை செய்யும் பிரையனிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர். அவருடைய அத்தை ஒரு முதியோர் இல்லத்தில் வழுக்கி விழுந்து இறந்தபோது வழக்குப் போட்டு வென்ற குடும்பம். முழுக்கக் கேட்டுவிட்டு மிகுந்த அக்கறையோடு, உன் அம்மாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டதா, யாராவது டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார். இல்லை, எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றேன். பிறகு ஏன் மாற்றிச் சொன்னார் என்றார். நான் பக்கத்தில் நின்றேன், அதனால் என்றேன். அவர் முகம் மாறியது. நீ அவரை மிரட்டினாயா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதற்குமேல் என்னிடம் ஆங்கிலம் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

தீர்ப்பு வந்தது. ஈமச்சடங்குக்கு என்றும், மகனின் அன்பை இழந்ததற்கு என்றும் எல்லோருக்கும் வழக்கமாக எழுதுவதை எழுதியிருந்தார்கள். வாழ்வாதாரத்தை இழந்ததற்கு என்று வரும் பெரிய பங்கு இல்லை. மனுதாரர் இறந்தவரைச் சார்ந்து வாழவில்லை, அவரது வாக்குமூலமே அதற்குச் சான்று என்று ஒரு வரி. வசந்தி எனக்கு போன் செய்து, அப்பீல் போகலாம், அம்மா சம்மதித்தால் அவரை மறுபடி சாட்சி சொல்ல வைக்க ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்றார். அன்று மாலையே அம்மாவிடம் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை.

"மறுபடியும் அங்க போயி, என் பெரிய புள்ள எனக்கு சோறு போடலன்னு சொல்லச் சொல்றியா? ஒரு புள்ளயத்தான் லாரிக்காரன் கொன்னான். இன்னொருத்தன நானே கொல்லணுமா?"

நான் மறுபடி கேட்கவில்லை. என்னால் முடிந்ததைக் கூடுதலாக அனுப்பத் தொடங்கினேன். முடிந்தது என்பது சொற்பம்தான். அனுப்பும் பணத்துக்கு வீட்டு லோன்தான் முதலில் வாயைத் திறக்கிறது. போதுமா என்று கேட்டால், போதும் நைனா, மிச்சமே கீது என்பாள். ராணியாட்டம் கீறேன் என்பாள். கூண்டில் நின்று சொன்ன அதே குரல், அதே ஏற்ற இறக்கம். நானும் நம்பிக்கொண்டு இருந்தேன். நம்பாவிட்டால் இங்கே ஒரு நாள் வேலை செய்ய முடியாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு காலி மனையாகக் கிடந்த இடத்தில் இப்போது நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. மதுரை, கோவை, நெல்லை என்று எங்கெங்கிருந்தோ வந்த ஐ.டி. குடும்பங்கள் அதில் இருக்கின்றன. காலையில் எல்லோரும் கிளம்பிப் போய் மாலையில் திரும்புவார்கள். அப்போதுதான் எங்கள் தெருப் பெண்கள் அங்கே வீட்டு வேலைக்குப் போவார்கள். முரளி இருந்த காலத்தில் அந்தப் பக்கம் அம்மாவை எட்டிப் பார்க்கக்கூட விட்டதில்லை.

சென்ற வாரம் வழக்கம்போல் நிழற்குடையில் நின்றபடி அவளை அழைத்தேன். இங்கே காலை, அங்கே விளக்கு வைக்கும் நேரம். முரளி இருந்தால் பட்டறையிலிருந்து வந்திருப்பான். மூக்கு எரியும் குளிர். வக்கீல் அதே கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். "சாப்டியாம்மா?" என்றேன். "ஆச்சு நைனா" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் குரலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இசை கேட்டது, பிறகு ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். நம்மூர் அடுக்ககங்களின் லிஃப்டில் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் விடாமல் கெஞ்சுமே, அந்தக் குரல். 'ப்ளீஸ் க்ளோஸ் த டோர்.' எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

"எங்கம்மா கீற?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளிடம் மட்டும் என் வாயில் அந்தப் பேச்சுத்தான் வருகிறது.

"ஊட்லதான் கீறேன். வேற எங்க போவப் போறேன்?"

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கோர்ட்டில் எனக்கு எதிரிலேயே நின்று கற்றுக் கொடுத்திருக்கிறார். அதற்கு அவள் சொல்லப்போகும் பதிலும் தெரியும். நான் கேட்கவில்லை. "சரிம்மா" என்றேன். பேருந்து வந்தது, ஏறினேன். எனக்குப் பின்னால் அதன் கதவு தானாக மூடிக்கொண்டது. அம்மா போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. என் காதில் அந்தப் பெண் இன்னும் கதவை மூடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.